ஒரே குளிர்சாதனப் பெட்டி, ஆறு வகை பீர்: எதை எந்த வெப்பநிலையில் ஊற்றுவது?

கசப்புப்பிரியர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நண்பர்கள் சிலரை அழைத்து வீட்டிலேயே ஒரு பீர் சுவைப்பு வைக்கத் திட்டமிட்டிருக்கிறேன். பில்ஸ்னர், ஜெர்மானியக் கறுப்பு லாகர், கோதுமை பீர், ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்), பெல்ஜிய டிரிப்பல், கடைசியாக 10 விழுக்காடு ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டவுட் என ஆறு வகைகளை வாங்கி வைத்தாயிற்று. ஒவ்வொரு வகையிலும் ஆளுக்குச் சுமார் 100 மில்லிலிட்டர் ஊற்றலாம் என்பது எண்ணம். என் குளிர்சாதனப் பெட்டி 4 டிகிரி செல்சியஸில் இயங்குகிறது. எந்த பீராக இருந்தாலும் அதிலிருந்து எடுத்த கையோடு திறந்து ஊற்றுவதே இதுவரை என் வழக்கம்.

லேபிள்களைப் படித்தபோதுதான் சந்தேகம் வந்தது. ஒன்றில் 6 முதல் 8 டிகிரி என்றும், இன்னொன்றில் 10 முதல் 12 டிகிரி என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். மூன்றாவதில் எண் எதுவும் இல்லை, நன்கு குளிரவைத்துப் பருகவும் என்பதோடு விட்டுவிட்டார்கள். இந்த நான்கைந்து டிகிரி வேறுபாடு நாக்குக்கு உண்மையிலேயே தெரியக்கூடியதா, அல்லது பீரை மேட்டிமையான பொருளாகக் காட்டுவதற்கான விளம்பர உத்தியா? உண்மையென்றால் அதற்குக் காரணம் என்ன? ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு ஆறு வகைகளையும் அதனதன் வெப்பநிலையில் கொடுக்க வழி உண்டா? ஒருமுறை குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்து வைத்து, மிஞ்சியதை மீண்டும் உள்ளே வைத்தால் பீர் கெட்டுவிடும் என்கிறார்களே, அதையும் யாராவது தெளிவுபடுத்தினால் நன்றாக இருக்கும்.


நிலவறை எழுதியது:

வேறுபாடு உண்மையானதுதான். உங்கள் ஆறு வகைகளில் அது மிகத் தெளிவாகத் தெரியப்போவது இம்பீரியல் ஸ்டவுட்டில். 4 டிகிரியில் அதைக் குடித்தால் கரிந்த கசப்பும், தொண்டையில் ஆல்கஹாலின் எரிவும், எண்ணெய் போன்ற ஒரு கனமும் மட்டுமே மிஞ்சும். அதே குவளை 12 டிகிரியை நெருங்கும்போது சாக்லேட், காபி, உலர்ந்த பழம், சற்றே புகை என்று ஒவ்வொன்றாக மேலெழுந்து வரும். பீரில் எதுவும் கூடவில்லை, குறையவுமில்லை; குளிர் மூடி வைத்திருந்ததுதான் வெளியே வருகிறது.

காரணங்கள் மூன்று என்று நினைக்கிறேன். முதலாவது மணம். பீரின் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை, மூக்குக்கு எட்ட வேண்டுமென்றால் மணப்பொருள் ஆவியாக வேண்டும், ஆவியாவது வெப்பநிலையைப் பொறுத்தது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் உள்ள மிர்சீன், லினலூல் போன்ற எண்ணெய்ப் பொருள்களும், ஈஸ்ட் உண்டாக்கும் பழமணமுள்ள எஸ்டர்களும் கடுங்குளிரில் திரவத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. இரண்டாவது நாக்கு. சுவை உணரும் செல்களில் டி.ஆர்.பி.எம்.5 என்ற புரத வாசல் ஒன்று இருக்கிறது. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது அதன் செயல்பாடு பெருமளவு கூடுகிறது என்றும், இனிப்பு வெப்பத்தில் தூக்கலாகத் தெரிவதற்கு அதுவே அடிப்படை என்றும் 2005-இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும் இதனால்தான். மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியத்தின்) இனிப்பையே நம்பி நிற்கும் கனமான பீரை உறைய வைக்கும் குளிரில் கொடுத்தால், இனிப்பு பின்வாங்கிவிட, அதைச் சமன்செய்ய வைத்த கசப்பும் வறட்சியும் துணையின்றி நிற்கும்.

மூன்றாவது காரணமான கரியமில வாயுவைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை வகைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பெரிதும் விளக்குவது இதுதான். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 0 டிகிரி நீர் தன் கன அளவைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு கரியமில வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 0.9 மடங்குக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். பீரிலும் போக்கு இதுவே. பில்ஸ்னர் போன்ற லாகரில் பொதுவாகத் தன் கன அளவைப்போல் இரண்டரை மடங்கு வாயு ஏற்றியிருப்பார்கள். அந்த பாட்டிலுக்குள் 4 டிகிரியில் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட முக்கால் பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அளவுதான் அதிகம். 20 டிகிரியில் அதே பாட்டிலில் அது 1.8 பார் வரை போகும். வெதுவெதுப்பான லாகரைத் திறந்தவுடன் நுரையாகச் சீறி, குவளைக்கு வந்து சேர்வது சப்பென்று இருப்பது இதனால்தான். பில்ஸ்னரின் உயிர் அதன் துடிப்பில் இருக்கிறது. அந்தத் துடிப்பைக் காப்பது குளிர்.

இனி இதன் மறுகோடிக்குப் போவோம். ஆங்கிலேயரின் பீப்பாய் ஏல் (ஏல் என்பது லாகரைவிடச் சற்று வெப்பமான சூழலில் நொதிக்கும் பீர்) 11 முதல் 13 டிகிரி வரை பரிமாறப்படுகிறது. ஆங்கிலேயர்கள் சூடான பீர் குடிப்பவர்கள் என்று உலகமே கேலி செய்கிறது. ஆனால் 12 டிகிரி என்பது சூடு அல்ல, மண்ணுக்கடியில் உள்ள நிலவறையின் இயல்பான குளிர்ச்சி. அந்த ஏல் பீப்பாய்க்குள்ளேயே இரண்டாவது முறை நொதித்து, பின்னர் காற்றுத்துளை வழியே வெளிக்காற்றோடு சமநிலைக்கு வருகிறது. 12 டிகிரியில் அந்தச் சமநிலையில் பீருக்குள் தங்கும் வாயு கன அளவைப்போல் ஏறத்தாழ 1.1 மடங்கு, பீப்பாய் ஏலின் மென்மையான வாயுத்தன்மை இதுவேதான். ஆகவே அங்கே வெப்பநிலையைப் பரிமாறும்போது தேர்ந்தெடுப்பதில்லை, அது பீரின் தயாரிப்பிலேயே அடங்கிவிட்டது. அந்த ஏலை 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் துடிப்பும் வராது, மணமும் போய்விடும், போதாததற்குக் கலங்கலாகவும் ஆகிவிடும்.

லாகரின் கதை நேரெதிரானது. பில்சென் நகரில் 1842-இல் ஜோசஃப் குரோல் காய்ச்சிய பொன்னிற லாகர், குளிரிலேயே நொதித்து, உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் முதிர்ந்த பீர். பனிக்கட்டியை வெட்டிக் கொண்டுவந்து சேமித்த காலம் போய், 1870-களில் மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலையின் ஆதரவோடு கார்ல் வான் லிண்டே குளிர்விக்கும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகு, லாகர் ஆண்டு முழுவதும் எங்கும் காய்ச்சக்கூடியதாயிற்று. குளிரில் பிறந்த ஈஸ்ட் பழமணத்தை அதிகம் உண்டாக்குவதில்லை. எனவே குளிரில் குடிக்கும்போது லாகர் இழப்பது குறைவு, பெறுவது அதிகம்.

எண்ணாகவே வேண்டுமென்றால், குவளையில் இருக்க வேண்டிய வெப்பநிலையைச் சொல்கிறேன்: பில்ஸ்னருக்கு 5 முதல் 7, கறுப்பு லாகருக்கு 6 முதல் 8, கோதுமை பீருக்கு 7 அல்லது 8, ஐ.பி.ஏ.வுக்கு 8 முதல் 10, டிரிப்பலுக்கு 7 முதல் 10, இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு 12 முதல் 14 டிகிரி. ஆசிரியருக்கு ஆசிரியர் ஓரிரு டிகிரி மாற்றித்தான் எழுதுவார்கள். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இவற்றில் கோதுமை பீரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் இழுக்கப்படும் பீர். அதன் வாழைப்பழ மணம் ஐசோ-அமைல் அசிடேட் என்ற எஸ்டரிலிருந்தும், கிராம்பு மணம் 4-வினைல் குவாயகால் என்ற பொருளிலிருந்தும் வருகின்றன. இரண்டும் ஈஸ்ட்டின் கைவேலை, இரண்டுமே வெளிப்பட ஓரளவு வெப்பம் வேண்டும். ஆனால் அதே பீரில் வாயு லாகரைவிட மிக அதிகம், மூன்றரை மடங்குக்கு மேலும் போகும். 12 டிகிரியில் அதைத் திறந்தால் பாதி மேசையில் வழியும். 7 அல்லது 8 என்பது இந்த இரண்டுக்கும் இடையே செய்துகொண்ட சமரசம்.


குழாயடி எழுதியது:

நிலவறை சொன்னதை ஏற்கிறேன். பீர் குழாய்க்குப் பின்னால் நின்று ஊற்றுவதே என் தொழில் என்பதால், லேபிளில் எழுதாத ஒன்றைச் சேர்க்கிறேன். பெட்டியின் வெப்பநிலையும் குவளையில் உள்ள பீரின் வெப்பநிலையும் ஒன்றல்ல. இடையில் நிற்பது கண்ணாடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 கிராம் எடையுள்ள குவளை ஒன்று அறையின் 25 டிகிரியில் இருக்கிறது. அதில் 4 டிகிரியில் உள்ள 330 மில்லிலிட்டர் பீரை ஊற்றினால், கண்ணாடியில் உள்ள வெப்பம் பீருக்கு இறங்கி, இரண்டும் ஏறத்தாழ 7 டிகிரியில் வந்து நிற்கும். இது முழு பாட்டிலுக்கு. நீங்கள் ஊற்றப்போவதோ 100 மில்லிலிட்டர். 200 கிராம் குவளையில் அந்தக் கொஞ்ச பீரை ஊற்றினால், அது ஒரு வாய் குடிப்பதற்குள் 8, 9 டிகிரியைத் தொட்டுவிடும்; குவளை முழுவதும் பீரோடு சமன்பட்டால் 10 டிகிரிகூட ஆகலாம். அதாவது, பில்ஸ்னரை 4 டிகிரியில் எடுத்து வைத்து, சரியாகக் கொடுத்துவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, விருந்தினர் குடிப்பது ஏலுக்கு உரிய வெப்பநிலையில் இருக்கும். சுவைப்புக் கூட்டங்களில் லாகர்கள் எப்போதும் களையிழந்து தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

இதற்குப் பரிகாரம் எளிது. லாகருக்கும் கோதுமை பீருக்கும் உரிய குவளைகளை, ஊற்றுவதற்கு முன் குளிர்ந்த நீரில் நன்றாக அலசி, நீரை உதறிவிட்டு, துடைக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள். கண்ணாடியின் சூடு தணியும், ஈரமான பரப்பில் நுரையும் சீராக எழும். துணியால் துடைத்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு, அவற்றில் குமிழிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். கண்ணாடியைப் பார்த்தாலே தெரியும்.

குவளையை உறைகுளிர்ப் பெட்டியில் வைத்து வெண்பனி பூக்கச் செய்து கொடுப்பது பார்க்க அழகாக இருக்கும். அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அந்த வெண்படலம் பனிக்கட்டி. அதன் சொரசொரப்பில் வாயு தாறுமாறாக வெளியேறி முதல் ஊற்றிலேயே நுரை பொங்கும், பிறகு உருகிய நீர் பீரில் கலக்கும். பெட்டியில் வேறு ஏதாவது மணம் இருந்தால் அதுவும் கூடவே வந்து சேரும்.

நைட்ரஜன் கலந்த ஸ்டவுட்டை யாராவது கொண்டுவந்தால் அதற்குக் கணக்கு வேறு. கின்னஸ் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த இந்த முறையில் கரியமில வாயு குறைவு. நைட்ரஜனோ நீரில் அதைவிடப் பல பத்து மடங்கு குறைவாகவே கரைவது. அந்த மெல்லிய குமிழிகளால்தான் பாலாடை போன்ற நுரை வருகிறது. இதன் இடம் 6 டிகிரியை ஒட்டி. உள்ளே சிறு உருண்டை வைத்த டின்னாக இருந்தால், குறைந்தது மூன்று மணி நேரமாவது குளிரவைத்த பிறகே திறக்க வேண்டும். சரியாகக் குளிராத டின் திறந்தவுடன் வழிந்து ஓடும்.


தாகம் எழுதியது:

மன்னிக்க வேண்டும், எனக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையென்று தோன்றவில்லை. வெயிலில் அலைந்துவிட்டு வந்தவனுக்கு 2 டிகிரியில் ஒரு லாகர் தருகிற நிறைவை, 12 டிகிரியில் முகர்ந்து முகர்ந்து குடிக்கும் எந்த பீரும் தராது. குளிர்ச்சியே ஒரு சுவை என்பதை ஏன் யாரும் ஒப்புக்கொள்வதில்லை?


நிலவறை எழுதியது:

நான் ஒப்புக்கொள்கிறேன், தாகம். அரிசியோ மக்காச்சோளமோ சேர்த்து, ஹாப்ஸை அளவாக வைத்து, உடலை, அதாவது வாயில் உணரும் கனத்தை, மெலிதாக்கிக் காய்ச்சிய இலகுவான லாகர்கள் அந்த 2 முதல் 4 டிகிரிக்காகவே வடிவமைக்கப்பட்டவை. அவற்றை 10 டிகிரியில் கொடுப்பது அவற்றுக்குச் செய்யும் அநியாயம். அங்கே வெளிவர வேண்டிய மணம் அதிகம் இல்லை, புத்துணர்ச்சிதான் நோக்கம். அதே தர்க்கத்தை இம்பீரியல் ஸ்டவுட்டுக்கும் நீட்டுவதைத்தான் மறுக்கிறேன். இன்னொன்று: கடுங்குளிர் நல்லதை மட்டுமல்ல, குறைகளையும் மறைக்கும். பழையதாகிப்போன லாகரும் புதிய லாகரும் 1 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். விரைவாகக் குளிரவேண்டும் என்று உறைகுளிர்ப் பெட்டியில் வைத்து மறந்துவிடவும் வேண்டாம். 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பீர் பூஜ்யத்துக்குச் சுமார் 2 டிகிரி கீழே போனதும் உறையத் தொடங்கும், பாட்டில் வெடிக்கவும் கூடும். பனிக்கட்டியும் நீரும் கலந்த வாளியில் ஒரு பிடி உப்பைப் போட்டு பாட்டிலை அமிழ்த்தினால், பெட்டிக்குள் மூன்று மணி நேரத்தில் ஆவது கால் மணி, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.


கசப்புப்பிரியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குவளையின் கணக்கு என் திட்டத்தையே மாற்றிவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும். நிறம் அடர்ந்துகொண்டே போகப் போக வெப்பநிலையும் உயர வேண்டும் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். ஆனால் நிலவறை கறுப்பு லாகருக்கு 6 முதல் 8 என்றும், வெளிர் நிற டிரிப்பலுக்கு அதைவிட அதிகம் என்றும் எழுதியிருக்கிறார். எந்த விதியைப் பின்பற்றுவது?


கொப்பரை எழுதியது:

நிறத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு இது கண்கூடாகத் தெரியும்: வெளிர் நிற மால்ட்டோடு நன்கு வறுத்த மால்ட்டைச் சில விழுக்காடு சேர்த்தாலே போதும், முழுக் கொப்பரையும் கறுத்துவிடும். அந்தச் சில விழுக்காடு பீரின் எடையையோ ஆல்கஹாலையோ ஈஸ்ட்டின் குணத்தையோ மாற்றுவதில்லை. உங்கள் கறுப்பு லாகர் கண்ணுக்கு ஸ்டவுட்டாகத் தோன்றினாலும், 5 விழுக்காட்டை ஒட்டிய ஆல்கஹாலோடு, குளிரில் நொதித்து, குளிரில் முதிர்ந்த சுத்தமான லாகர்தான். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் மெலிதாக வறுத்த ரொட்டியின் மணமுள்ள பில்ஸ்னர் என்றே சொல்வீர்கள். அதை 12 டிகிரியில் கொடுத்தால் சோர்ந்துபோய்விடும்.

நிறத்துக்குப் பதிலாக ஆல்கஹாலையும் ஈஸ்ட்டையும் பார்த்தால் பெரும்பாலும் தவறாது. வலிமை கூடக் கூட வெப்பநிலையும் கூடலாம். ஏல் ஈஸ்ட்டில் நொதித்தது லாகரைவிட ஓரிரு படி மேலே. இதன்படி 7 விழுக்காட்டைத் தாண்டும் டாப்பல்பாக் என்ற ஜெர்மானிய பீர், லாகராகவே இருந்தும் 9 அல்லது 10 டிகிரியில்தான் தன் மால்ட்டைக் காட்டும். இதற்கு விதிவிலக்குகள் இரண்டு. நிலவறை சொன்ன ஆங்கிலேய பீப்பாய் ஏல், 4 விழுக்காடுகூட இல்லாமல் 12 டிகிரியில் நிற்கிறது. மற்றொன்று உங்கள் டிரிப்பல். 8, 9 விழுக்காடு ஆல்கஹால் இருந்தும் அது இம்பீரியல் ஸ்டவுட்டைப்போல் இனித்துக் கனப்பதில்லை. சர்க்கரை சேர்த்துக் காய்ச்சுவதால் உடல் வறண்டிருக்கும், வாயுவும் தாராளமாக இருக்கும். 13 டிகிரியில் அந்த வாயு அடங்கிவிட்டால் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும். எனவே 7-இல் தொடங்கி, குடிக்கக் குடிக்க 10 வரை உயர விடுங்கள். அந்தப் பயணத்திலேயே மிளகும் ஆரஞ்சுத் தோலும் தலைகாட்டும்.

ஐ.பி.ஏ.வில் மட்டும் எனக்கு நிலவறையோடு சிறிய கருத்து வேறுபாடு உண்டு. கசப்பு முன்னிற்கும் பழைய பாணி ஐ.பி.ஏ.வுக்கு 8 முதல் 10 பொருந்தும். கலங்கலாக, பழச்சாறுபோல இருக்கும் இப்போதைய ஐ.பி.ஏ. என்றால் 7-லேயே தொடங்குவேன். 10-ஐத் தாண்டினால் அதன் இனிப்பு வழவழப்பாகத் திரண்டு, இரண்டாவது வாயே சலிப்பூட்டும். அவர் இதை ஏற்கமாட்டார் என்று தெரியும்.

இனி நீங்கள் முதலில் கேட்ட கேள்வி. குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்து, திறக்காமல் மீண்டும் உள்ளே வைப்பதால் பீர் கெடுவதில்லை. இந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருப்பது வேறொரு கேடு. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் மீது ஒளி படும்போது, பீரில் இயல்பாகவே உள்ள ரைபோஃபிளேவின் அந்த ஒளியை வாங்கிக்கொள்ள, கந்தகம் கலந்த ஒரு துர்நாற்றப் பொருள் உருவாகிறது. இது ஒளியின் வேலை, வெப்பத்தின் வேலை அல்ல. வெயிலில் வைத்த பச்சை பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் வெகு விரைவில் இதற்கு இரையாகும், பழுப்பு பாட்டில் பெருமளவு தாக்குப்பிடிக்கும். வெயிலில் வைத்த பாட்டில் சூடாகவும் இருப்பதால், பழி வெப்பத்தின் மேல் விழுந்துவிட்டது.

அதற்காக வெப்பம் நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. பீரில் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஆக்சிஜன் செய்யும் சேதம் வெப்பத்தில் மிக வேகமாக நடக்கும். ஈரமான அட்டைப்பெட்டியின் மணம் வருவது அதனால்தான், அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படும் பொருள் டிரான்ஸ்-2-நோனெனல். ஆனால் அது 30 டிகிரியில் வாரக்கணக்கில் கிடக்கும் பீரின் தலைவிதி, அரை மணி நேரம் மேசையில் இருந்த பாட்டிலுக்கு நேர்வதல்ல. பரிமாறும் வெப்பநிலை வேறு, சேமிக்கும் வெப்பநிலை வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: ஸ்டவுட்டை 13 டிகிரியில் குடிக்க வேண்டும் என்பதற்காக அதை அலமாரியில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஐ.பி.ஏ.வை ஒருபோதும் பெட்டிக்கு வெளியே சேமிக்காதீர்கள். ஹாப்ஸ் மணம்தான் முதலில் விடைபெறுவது.

திரும்பத் திரும்பக் குளிர்வித்துச் சூடேற்றுவதில் ஒரு விளைவு உண்டு. புரதமும் பாலிஃபீனாலும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பீரைக் கலங்கச் செய்யும். சூடேறினால் பிரிந்து பீர் தெளியும். இது பலமுறை நிகழ்ந்தால் பிணைப்பு இறுகி, கலங்கல் நிலைத்துவிடும். பார்வைக்குத்தான் குறை, சுவையில் பெரிய மாற்றம் தெரியாது.


நிலவறை எழுதியது:

கொப்பரை சரியாகவே கணித்திருக்கிறார், அந்த ஐ.பி.ஏ. விஷயத்தில் நான் 9-இலேயே நிற்கிறேன். மற்றபடி, இனி நேரக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

25 டிகிரி அறையில், 4 டிகிரியில் உள்ள 330 மில்லிலிட்டர் பாட்டில் மேசையில் சும்மா நின்றால் 7 டிகிரிக்கு வர ஏறத்தாழ 10 நிமிடம், 10 டிகிரிக்கு வர 20 நிமிடத்துக்குச் சற்று மேல், 12 டிகிரிக்கு வர அரை மணி நேரம் ஆகும். அரை லிட்டர் பாட்டிலுக்கு இதில் கால்பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அறை இன்னும் சூடாக இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்து பாட்டிலின் மேல் நீர் பூத்து வழிந்தால் அதுவும் சூடேறுவதை விரைவுபடுத்தும்.

இதோடு குழாயடி சொன்ன குவளைக் கணக்கைச் சேர்த்தால், உங்கள் வேலை பெரிதும் குறைகிறது. பில்ஸ்னரையும் கறுப்பு லாகரையும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன், குளிர்ந்த நீரில் அலசிய குவளைகளில் ஊற்றுங்கள். அடுத்து கோதுமை பீர். அதற்கும் அலசிய குவளைதான், ஆனால் பாட்டிலை ஐந்து நிமிடம் முன்னதாக எடுத்தால் போதும். கடைசிக் கால்வாசியை பாட்டிலிலேயே வைத்துச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டைக் கிளப்பி, எல்லாக் குவளைகளுக்கும் பகிர்ந்து ஊற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் குவளைக்கும் கடைசிக் குவளைக்கும் இரண்டு வெவ்வேறு பீர் போய்ச்சேரும். ஐ.பி.ஏ.வுக்கும் டிரிப்பலுக்கும் அலசாத, அறைவெப்பத்தில் உள்ள குவளையே 4 டிகிரி பீரை 8, 9 டிகிரிக்கு ஏற்றிவிடும் என்பதால், அவற்றை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்டவுட்டைக் கோதுமை பீர் ஊற்றும் நேரத்தில் வெளியே எடுத்து வையுங்கள். நான்கு பேர் பேசிக்கொண்டே மூன்று பீர்களைக் கடப்பதற்குள் அது 9, 10 டிகிரிக்கு வந்திருக்கும், மீதியைக் குவளையும் உள்ளங்கையும் பார்த்துக்கொள்ளும். 16 டிகிரியைத் தாண்ட மட்டும் விடாதீர்கள், அதற்கு மேல் ஆல்கஹாலின் ஆவி மற்ற மணங்களை மிதித்துவிடும். சமையலுக்கு வைத்திருக்கும் ஊசி வெப்பமானி கையில் இருந்தால், ஒரு குவளையை அளவைக்கென்று ஒதுக்கி அதில் மட்டும் வைத்துப் பாருங்கள். விருந்தினர் குவளைகளில் எல்லாம் ஊசியை விட்டுக்கொண்டிருந்தால் யாரும் மறுபடி வரமாட்டார்கள்.


குழாயடி எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. குவளைகளைச் சோப்பு போட்டுக் கழுவினால், அந்த மணமும் வழவழப்பும் முற்றிலும் போகும்வரை அலசிவிட்டு, பிறகு கடைசியாக ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ துளி மிஞ்சினாலும் நுரை நிற்காது. அப்போது பீர் வெப்பமாகிவிட்டதோ என்று வீணாகப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.